செம்பியின் தோலும் எங்கள் எட்டு வாரங்களும்

சென்ற ஆண்டு கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில், மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் கிடந்த பெண் நாயொன்றை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்புக்குப் பின்னாலும் வாலின் அடியிலும் மயிர் முற்றாக உதிர்ந்து, தோல் சாம்பல் நிறமாகத் தடித்து மடிப்பு விழுந்திருந்தது. கடைக்கு வருவோர் எறிந்த கோழி எலும்பும் சோறும்தான் பெரும்பாலும் அதன் உணவு. தலையிலும் காதுகளிலும் மட்டும் செம்பட்டை மயிர் எஞ்சியிருந்ததால், மகள் அதற்குச் செம்பி என்று பெயர் வைத்தாள். பல்லைப் பார்த்து ஒன்றரை வயது இருக்கலாம் என வைத்தியர் பின்னர் சொன்னார்.

தோலைக் கவனிப்பது வைத்தியரின் வேலை, ஓயாமல் தாவிக் கவ்வித் திரியும் அதன் துடியாட்டத்தை அடக்குவது எங்கள் வேலை என்று இரண்டையும் தனித்தனியாக நினைத்ததால் முதல் இரண்டு மாதங்களை வீணாக்கினோம். செம்பியைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒரு தெருநாயை எடுக்க எண்ணுகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் விபரம் கேட்பதால், நடந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

முதல் கிழமையில் வந்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. அடுத்த வளவு மாமி வேலிக்கு அப்பால் நின்று, "மனே, இத ஊட்டுக்குள்ள எடுக்காத. வாகனத்தில கழிச்ச எண்ணெயப் பூசி வெயில்ல உடு, மறுகா எல்லாம் காஞ்சிரும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் காலங்காலமாகச் செய்துவருவதைத்தான் சொன்னார். ஆனால் கழிவு எண்ணெய் தோலினூடாக உடலுக்குள் இறங்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். கடலில் குளிப்பாட்டினால் சொறி மாறும் என்ற நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. நாவலடிக் கரையில் ஒருநாள் நானே அதனை முயன்றேன். உப்பு நீர் பட்டதும் செம்பி கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உப்புக் காய்ந்த தோல் மேலும் வெடித்தது. அது என் தவறு.

பிறகு ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றது, நாங்கள் மகிழ்ந்தோம், பத்தாம் நாள் மீண்டும் தொடங்கியது. மறுபடியும் ஊசி, மறுபடியும் பத்து நாள். மூன்றாவது ஊசிக்குப் பின் அது வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து, இரவில் நான்கு தடவை சிறுநீர் கழித்து, எதைக் கண்டாலும் விழுங்கத் தொடங்கியது. அந்த ஊசி மருந்து ஸ்டீரொயிட் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். தேவையான இடத்தில் அது நல்ல மருந்துதான். ஆனால் அரிப்புக்குக் காரணம் என்ன என்று ஒரு தடவையேனும் தோலைப் பரிசோதிக்காமல் அதனைத் தொடர்ந்து ஏற்றியது எனக்கு இன்றும் மனக்குறையாகவே இருக்கிறது.

அதன் பின் நாங்கள் போன மிருக வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. மேசையில் நனைத்த வெள்ளைக் கடதாசியொன்றை விரித்து, நெருக்கமான பற்களுள்ள சீப்பினால் செம்பியின் வாலடியை வாரி, சீப்பில் வந்த கருந்துகள்களை அதன்மேல் தட்டினார். மண் என்று நான் நினைத்தேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வட்டம் ஊறிப் பரவியது. அவை தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமையுள்ள நாய்க்கு ஓரிரு கடியே பல நாள் அரிப்புக்குப் போதும் என்றும், இடுப்பிலும் வாலடியிலும் மயிர் கொட்டுவது அதன் அடையாளம் என்றும் அவர் விளக்கினார். பின்னர் மழுங்கிய அலகினால் தோலைச் சிறிது இரத்தம் கசியும் வரை சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சொறிச் சிற்றுண்ணி தென்படவில்லை. ஆயினும் சில வேளைகளில் அது இருந்தும் கண்ணில் படாது என்பதால், தெள்ளுக்கும் அதற்கும் சேர்த்துப் பயன்படும், கழுத்தில் விடும் திரவ மருந்தைத் தந்தார். கால்விரல் இடுக்கில் ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்துப் பார்த்ததில், மதுவம் என்னும் பங்கசு நிறைந்திருந்தது. ஊறிய துணியைப் போல அதன் பாதத்தில் வீசிய வாடைக்குக் காரணம் அதுதான்.

அவர் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் உதவியது, ஒரே நாயில் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கக்கூடும் என்பது. தெள்ளை முதலில் நீக்கி, தொற்றை மாற்றி, அதற்குப் பின்னும் அரிப்பு நீடித்தால்தான் உணவையும் தூசியையும் சந்தேகிக்க வேண்டும் என அவர் ஒரு வரிசை போட்டுத் தந்தார். விசர்நாய்த் தடுப்பூசியும் அன்றே போடப்பட்டது.

எங்கள் வளவு மணல் வளவு. பெரிய மாமரத்தின் நிழலில் சருகு குவிந்து கிடக்கும். செம்பி அங்குதான் குழி பறித்துப் படுக்கும். தெள்ளின் தொகையில் நாயின் உடலில் இருப்பது ஏறத்தாழ 5 வீதம்தான் என்றும், மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நிழல் மணலிலும் படுக்கையிலும் இருக்கின்றன என்றும் அறிந்தபோது, நாயைக் குளிப்பாட்டியே தெள்ளை ஒழித்துவிடலாம் என்று எண்ணிய எங்கள் நினைப்பு கலைந்தது. சருகைக் கூட்டி எடுத்தோம். படுக்கையாகப் பழைய சாரங்களை விரித்து, கிழமைக்கொரு தடவை கொதிநீரில் அலசினோம். எங்களிடம் முன்பே இருந்த வீரன் என்ற நாய்க்கும் அதே மருந்தை அதே நாளில் விட்டோம். ஒன்றுக்கு மட்டும் விட்டால் பயனில்லை. கூட்டுப்புழு மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் என்பதால் குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடரச் சொன்னார்கள்.

மதுவத்துக்கு மருந்து ஷாம்பூ. கிழமைக்கு இரு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் நுரை தோலில் நிற்க வேண்டும். கயிற்றில் கட்டினாலும் மூன்று பேர் பிடித்தாலும் நழுவி ஓடும் நாயைப் பத்து நிமிடம் எப்படி நிறுத்துவது? பயிற்சி என்ற ஒன்றை நாங்கள் உண்மையில் தொடங்கியது கிணற்றடியில்தான். பீங்கான் கோப்பையொன்றில் அவித்து மசித்த வற்றாளைக் கிழங்கை மெல்லிய படையாக அப்பி, கிணற்றுக் கட்டில் வைத்தோம். முதல் நாள் தண்ணீரே இல்லை, நக்கியது, போய்விட்டது. இரண்டாம் நாள் நக்கும்போது கையினால் முதுகைத் தடவினோம். நான்காம் நாள் ஈரத் துணி. ஏழாம் நாள் ஒரு சிரட்டைத் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் நுரை போட்டு, மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, செம்பி கோப்பையை நக்கி முடித்து, இன்னும் தரும்படி என் முழங்கையை மூக்கினால் இடித்துக்கொண்டு பத்து நிமிடமும் நின்றது. கழுத்து மருந்து விட்ட நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளிக்க வார்க்கக் கூடாது என்பதால், நாட்காட்டியில் குளிப்புக்கு நீலமும் மருந்துக்குச் சிவப்புமாகக் குறித்து வைத்தோம்.

அதுவரை செம்பியின் துடியாட்டத்தைக் குணம் என்றே நினைத்திருந்தோம். வருகிறவர்களின் மேல் தாவும்; சாரத்தின் தலைப்பைக் கவ்வி இழுக்கும்; தன் வாலைத் துரத்திச் சுழலும்; இரவிலும் அடங்காது. வைத்தியர் என்னை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். இரவு ஒன்பது மணியிலிருந்து பத்து மணிவரை அது 31 தடவை சொறிந்தது அல்லது பாதத்தைக் கடித்தது; ஐந்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் கண் மூடவில்லை. வளர்ந்த நாய் ஒரு நாளில் அரைவாசி நேரத்துக்கு மேல் ஓய்வெடுக்க வேண்டும். உறக்கமில்லாத பிள்ளை எப்படிச் சிணுங்குமோ அப்படித்தான் அது எங்களைக் கடித்து இழுத்திருக்கிறது. தொற்று மாறிய ஆறாம் கிழமையில் அதே ஒரு மணித்தியாலத்தில் 12 தடவையாகக் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆகவே உணவுச் சோதனைக்குப் போனோம்.

இந்தச் சோதனையில், நாய் முன்பு உண்டிராத ஓர் இறைச்சியும் ஒரு மாப்பொருளும் தவிர வேறெதுவும் எட்டு வாரத்துக்கு அதன் வாயில் படக் கூடாது. செம்பி கடையடியில் கோழி, மாட்டிறைச்சி, மீன் அனைத்தையும் கண்டது. எனவே விலை கூடுதலானாலும் ஆட்டிறைச்சியையும் வற்றாளைக் கிழங்கையும் தெரிவுசெய்து, வைத்தியர் சொன்ன அளவில் கல்சியமும் சேர்த்தோம். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லை. வீரனின் கோப்பையையும் தனியே வைத்தோம். சுவையூட்டிய மெல்லும் மாத்திரைகளில் விலங்குப் புரதம் இருக்கலாம் என்பதால் அவற்றையும் அந்த எட்டு வாரமும் நிறுத்தி வைத்தோம். இதனை முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் எனக்குத் தோன்றியிராது.

பயிற்சிக்குக் கொடுக்கும் வெகுமதியும் உணவுதானே! கடையில் விற்கும் நாய்ப் பிஸ்கட் ஒன்று போதும், சோதனை முழுவதும் பழுதாகிவிடும். அன்றைய ஆட்டிறைச்சியில் ஐந்திலொரு பங்கைக் காலையிலேயே பிரித்து, கௌபி விதை அளவுக்கு நறுக்கி, சிறு டப்பாவில் இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. அதற்கு மேல் போனால் அது கற்பதை விட்டு டப்பாவைத்தான் பார்க்கும்.

முதல் தடை எங்கள் வாய்தான். நான் "இரு" என்றேன், மனைவி "இரி" என்றார், மகன் "சிட்" என்றான், மாமனார் "படு கிடந்து" என்றார். செம்பி நால்வரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, எங்கள் வாயில் இயல்பாக வரும் "இரி" என்பதையே வைத்துக்கொள்வதென்று முடிவுசெய்தோம். சரியாகச் செய்த கணத்தைக் காட்ட முதலில் "சரி" என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தோம். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் நாள் முழுக்கத் தொலைபேசியில் ஒலிப்பது. எனவே நாக்கினால் ஒரு "டக்" ஓசையாக மாற்றினோம். தாவும் பழக்கத்துக்கு, நான்கு காலும் நிலத்தில் நிற்கும்போது மட்டும் டக்கும் இறைச்சியும். தாவினால் கைகட்டி முகத்தைத் திருப்பி நிற்பது. மாமனாருக்கு அது தாவுவது பிடிக்கும். அவரை இணங்கவைக்கத்தான் கூடுதல் நாட்கள் சென்றன.

ஓட விட்டால் களைத்து அடங்கும் என்று பலரும் சொன்னார்கள். சூடேறும் தோலுக்கு அது உதவவில்லை. ஓட ஓட அதன் துடிப்பும் கூடியது. மூக்குக்கு வேலை கொடுத்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் ஒரு துண்டு வைப்போம். பத்து நிமிடம் முகர்ந்து தேடிய பின் அது தானாகவே சாரத்தில் போய்ச் சுருண்டது. கழுத்தில் புண் இருந்ததால் பட்டிக்குப் பதிலாக மார்புப் பட்டை போட்டு, மணல் சுடாத விடியற்காலையில் மட்டும் நடத்தினோம். இழுத்தால் நிற்பது, கயிறு தளர்ந்தால் நடப்பது. எங்கள் ஒழுங்கையின் முனைக்குப் போக முதல் நாள் 25 நிமிடம் பிடித்தது. வீரனையும் செம்பியையும் தனித்தனியே பழக்கிய பின்னரே ஒன்றாகக் கொண்டுபோனோம். சேர்ந்து தொடங்கியிருந்தால் ஒன்றின் துடிப்பு மற்றதைத் தொற்றியிருக்கும்.

உணவுச் சோதனையின் ஐந்தாம் வாரத்தில் மயிர் முளைத்தது. அதே வாரத்தில் அயலில் பிறந்தநாள் விருந்து. வேலியால் விழுந்த கோழி எலும்பை நான் ஓடிப்போய்ப் பறிப்பதற்குள் செம்பி விழுங்கிவிட்டது. நான்காம் நாள் காதுமடல் சிவந்து, பாத நக்கல் தொடங்கியது. படலையில் "நாய்க்கு நோய், உணவு போடாதீர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டேன். மாமியிடம் போய் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, தன் பேரப்பிள்ளைகளுக்கு என்னைவிடக் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். அதன் பின் வேலிக்கு மேலாக ஒரு பிஸ்கட் துண்டும் வரவில்லை.

எட்டு வாரம் முடிந்தபோது ஒரு மணித்தியாலத்தில் 3 தடவை. பின்னர் ஒவ்வோர் உணவையும் தனித்தனியே, இரண்டு வாரம் வீதம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவித்த கோழியில் ஐந்தாம் நாளே அரிப்பு வந்தது, நிறுத்தியதும் தணிந்தது. மீன் கொடுத்தபோது எதுவும் நேரவில்லை. நாய் அடிக்கடி உண்டுவந்த உணவுக்கே ஒவ்வாமை வருவது வழமை என்று வைத்தியர் சொன்னபோது, அது எத்தனை மாதம் அந்தக் கடையடியில் கோழி எலும்பை நம்பியே உயிர் பிழைத்தது என்பதை நினைத்து நான் சற்று நேரம் பேசாதிருந்தேன்.

தோல் ஆறிய பின் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்தோம். மாரி மழையில் நிலம் காயாத நாட்களில் விரல் இடுக்கு மீண்டும் சிவக்கிறது. வெளியே போய் வந்ததும் நான்கு பாதங்களையும் துடைத்து உலர்த்தி, ஷாம்பூவைக் கிழமைக்கொன்றாகத் தொடர்கிறோம். தூசி ஒவ்வாமையும் சிறிதளவு இருக்கலாம் என்பதால், இந்த மாரி முடிந்ததும் கொப்பியை மறுபடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். செம்பி இப்போது மீனும் சோறும் தின்கிறது. கிணற்றடியில் பீங்கான் கோப்பையின் சத்தம் கேட்டால், யாரும் அழைக்காமலே வந்து இரிக்கிறது.