மூடிக்கு அடியில்

புறக்கோட்டையில் பதினாறு வருடமாக வாஃப் கிளாக் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குப் பத்திரங்கள் தயாரித்து, வரி கட்டி, கொள்கலனை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. கையில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும். அதிலுள்ள தாள்களில் ஒன்றுக்கு மட்டும் மரியாதை அதிகம்: கப்பல் கொம்பனி தரும் பில் ஒஃப் லேடிங், எங்கள் வாயில் பி.எல். அசல் பி.எல்.ஐக் கொடுக்காமல் கப்பல் ஏஜென்ட் சரக்கை எடுப்பதற்கான டெலிவரி ஓர்டர் தரமாட்டார்.

2022 மார்ச் கடைசித் திங்கட்கிழமை அதை நான் தொலைத்தேன்.

அந்த மார்ச் எப்படியிருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 200 சொச்சத்தில் நின்ற டொலர் மூன்றே வாரத்தில் 300ஐ நெருங்கியிருந்தது. வங்கிகளில் டொலர் இல்லாமல் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடந்தன. நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மைசூர்ப் பருப்பும் அவற்றில் ஒன்று. இலவச நாட்கள் எப்போதோ முடிந்து டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அலைந்த பிறகு அன்று காலைதான் வங்கி பி.எல்.லில் முத்திரை குத்திக் கையில் தந்தது.

கோட்டையிலிருந்து நடந்து வந்து ஒரு கொமினிகேசன் கடையில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். பாதியில் கரண்ட் போனது. கடைக்காரர் இருட்டில் தாள்களை அள்ளித் தந்தார். ஃபைலில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஏஜென்ட் கவுண்டரில் ஃபைலைத் திறந்தால் இன்வொய்ஸ் இருக்கிறது, பெக்கிங் லிஸ்ட் இருக்கிறது, பி.எல். இல்லை. போகும் வழியில் ஆட்டோவில் ஒருமுறை ஃபைலைத் திறந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. காற்றில் பறந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பொதுவாக மூன்று அசல் அடிப்பார்கள். ஆனால் வங்கி முத்திரை குத்தித் தந்தது ஒன்றில்தான். மற்றதைக் கொண்டுபோய் மறுபடி கேட்கலாம். அதற்கு வியாபாரி கடிதம் தர வேண்டும், முதல் தாள் எங்கே என்று வங்கி கேட்கும். தொலைத்ததைச் சொல்லாமல் தப்ப வழியில்லை.

நான் சொல்லவில்லை. “வங்கி இன்னும் தரல்ல சேர், நாளைக்காம்” என்றேன் எங்கள் ஒபிஸ் சேரிடம். அந்தக் காலத்தில் அதைவிட நம்பத்தகுந்த பொய் கிடையாது.

அன்றிரவு முழங்காலில் நின்று ஜெபித்தேன். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எத்தனையோ சாட்சி கேட்டவன்: விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, கடன் தீர்ந்தது. எனக்கும் ஒரு அற்புதம் செய்யும் ஆண்டவரே, அந்தத் தாள் எங்கிருந்தாலும் காலையில் என் மேசைக்கு வரட்டும். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் கேட்டது தாளை அல்ல, பொய் வெளிப்படாமல் இருப்பதை. ஆண்டவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாயும் அதே பொய். எங்கள் ஒபிசில் தேநீர் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஹட்டன் பக்கத்துக்காரர், சைவம். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் என்று இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருப்பவர். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. செவ்வாய் மாலை கொச்சிக்கடைக்குப் போய்ப் பார்த்தால் வரிசையில் எல்லாச் சமயத்தவரும் நிற்பார்கள். “என்ன தம்பி, ரெண்டு நாளா டீ அப்படியே ஆறிக் கெடக்கு?” என்றார். அவரிடம் மட்டும் சொன்னேன். “தொலைஞ்சதுன்னா அந்தோனியார்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?” என்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்.

பதுவைப் புனித அந்தோனியாரின் சங்கீதப் புத்தகத்தை ஒரு இளம் துறவி எடுத்துக்கொண்டு ஓடினாராம். அந்தோனியார் ஜெபிக்க, அவரே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தாராம். தொலைந்த பொருளுக்கு அவரைத் தேடும் வழக்கம் அங்கிருந்து வந்தது என்பார்கள். நான் புனிதர்களிடம் மன்றாடும் சபையில் வளர்ந்தவனல்ல. ஆனாலும் யாரோ ஒருவர் எனக்காக பஸ் ஏறிப் போகிறார் என்பது உள்ளே எதையோ அசைத்தது.

அன்றிரவு மறுபடி இருட்டு. கைப்பேசி வெளிச்சத்தில் வேதத்தைத் திறந்து 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தைத் தேடி எடுத்தேன். யோர்தான் கரையில் மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. ஐயோ, அது இரவல் வாங்கியதாயிற்றே என்று கத்துகிறான். வேதத்தில் உள்ள அற்புதங்களிலேயே இது ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களுக்கானது என்று எனக்கு ஒரு எண்ணம்: அடுத்தவன் சாமான், வேலை நேரம், கைதவறுதல். இரும்பு மிதந்தது என்பதையே இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எலிசா ஒரு கேள்வி கேட்கிறார்: எங்கே விழுந்தது? அவன் இடத்தைக் காட்டுகிறான். அதன் பிறகுதான் கொம்பு வெட்டி எறிகிறார்.

புதன் காலை சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு நாள் பொய்யையும் சேர்த்து. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிங்களமும் தமிழும் கலந்து நாலு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது. அப்புறம், “சரி, பேங்கிலிருந்து வெளியே வந்ததும் என்ன செய்தாய்? ஒவ்வொன்றாகச் சொல்” என்றார். நடந்தேன், கடைக்குப் போனேன், இன்வொய்ஸ் எடுத்தேன், பெக்கிங் லிஸ்ட் எடுத்தேன், பி.எல்.ஐப் பிரதி மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை மூடினேன், கரண்ட் போனது.

வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை கரண்ட் போனதோடு பூட்டியவர், இரண்டு நாளாக கேஸ் சிலிண்டர் வரிசையில் நிற்கிறார் என்றார் பக்கத்துப் பைக்கடைக்காரர். வியாழக்கிழமை, பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவித்த அந்த நாளில், ஷட்டர் உயர்ந்தது. மூடியைத் தூக்கக் கரண்ட் தேவையில்லை. தாள் வைத்தபடியே இருந்தது. வங்கி முத்திரையின் ஊதா மை கண்ணாடியில் லேசாக ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, அழுறீங்களா?” என்றார்.

அன்று மாலையே கொள்கலனை எடுத்துவிட்டோம். அந்த வார இறுதியில் ஊரடங்கு வந்தது. நான் வீணாக்கிய நாட்களின் டெமரேஜை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரும்பு சும்மா மிதக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட பாஸ்டர் சாட்சி சொல்லச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. பாவத்தை அறிக்கையிட்டான், ஆண்டவர் திருப்பித் தந்தார் என்று சொன்னால் சபை அல்லேலூயா சொல்லும். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் வியாழக்கிழமை அந்தக் கடை திறந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோனிலும் இருந்தவர்கள் என்னைவிடக் குறைவாக நம்பியவர்களா? ஒரு தாள் கிடைத்ததற்கு மைக் பிடிக்க எனக்கு நா எழவில்லை. செவ்வாய் இரவு பொய்யோடு படுத்தவனை புதன் காலை சேரின் கதவைத் தட்ட வைத்தது எது என்று கேட்டால், அதற்கு மட்டும் எனக்கு வேறு பெயர் தெரியாது.

அடுத்த செவ்வாய் அக்கா விடவில்லை. “நேர்த்தி உங்க பேர்ல வச்சேன், நீங்கதான் வந்து கொளுத்தணும்.” போனேன். வாசலில் பையைச் சோதித்தார்கள். 2019க்குப் பிறகு அப்படித்தான். மின்வெட்டால் மெழுகுதிரி விலை ஏறிக் கிடந்தது. பேரம் பேசி ஒரு பெட்டி வாங்கியிருந்தார். ஒன்றை என் கையில் தந்தார். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கொளுத்தி வைத்துவிட்டு நின்றேன்.

வெளியே வந்ததும் பெட்டியை என் பையில் திணித்தார். “மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி. ராவைக்கும் கரண்ட் போகும்.”