முன் மேசைக் குறிப்புகள்: புது சேர்

மே 5, திங்கள்

மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசி உதவுகிற எங்கள் நிலையத்துக்குப் புது உளவளத்துணையாளர் இன்று வேலைக்கு வந்தார், எங்களுக்கு அவர் புது சேர். சொந்த ஊர் புதுக்குடியிருப்பு, வவுனியாவில் சில வருடம் வேலை செய்தவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நாளைக்கு உள்ளூராட்சித் தேர்தல் என்பதால் மட்டக்களப்புக் கல்லடியில் எல்லோருக்கும் அந்தப் பேச்சுத்தான். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பையைக் கீழே வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கதவைச் சாத்தினா வெளியில எவ்வளவு கேக்கும்?"

என்னை விறாந்தைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாதாரணக் குரலில் ஏதோ வாசித்தார். பாதிக்கு மேல் எனக்குக் கேட்டது. பின்னேரத்துக்குள் கதவின் அடியில் ரப்பர் பட்டி ஒட்டியாயிற்று. காத்திருப்பவர்களின் கதிரைகள் விறாந்தையின் மறுகோடிக்குப் போய்விட்டன. நிலையத்துக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸின் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் செலவுக்குக் காசு தந்துவிட்டார்.

உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. உளவளத்துணை செய்கிற ஒருவரை வாசலுக்கு இந்தப் பக்கம் நடப்பதை வைத்துத்தான் நான் அறிகிறேன். இங்கே எழுதப்போவதும் அவ்வளவுதான். வருகிறவர்களின் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுவேன்.

மே 8, வியாழன்

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நுண்கடன், வெளிநாட்டில் இருக்கிற கணவன், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளை. ஆண்கள் மனைவியை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படியிருக்க ஓர் ஆணை எதற்கு எடுத்தார்கள் என்று எனக்கும் கேள்வி இருந்தது.

இன்று ஒரு தங்கச்சி என்னிடம் குனிந்து, "அக்கா, எனக்கு மிஸ்தான் வேணும்" என்றாள். அவரிடம் போய்ச் சொன்னேன். "அது சரிதானே" என்றவர், பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஆணிடம் பேச விருப்பமா, பெண்ணிடமா, யாராக இருந்தாலும் பரவாயில்லையா. கேட்காமலே தெரிந்துவிட்டால் யாருக்கும் கூச்சமில்லையாம்.

மதியச் சாப்பாட்டில், மட்டக்களப்புக்கு வருகிறவர்களை வசியம் செய்து இங்கேயே இருத்திவிடுவார்கள் என்ற பழைய கதையும் வந்தது. மட்டக்களப்புக்கு மாற்றம் என்றதும் அவருடைய பெரியம்மா, "அங்க பாயோட ஒட்ட வச்சிடுவாங்கள், கவனம்" என்று சொல்லி அனுப்பினாராம். வடக்கிலிருந்து வருகிற எல்லோருக்கும் யாரோ ஒருவர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். "அதுக்குத்தான் கட்டில் வாங்கிட்டன்" என்றார். பெரிய மிஸ் சிரித்ததை வெகுநாளைக்குப் பிறகு பார்த்தேன்.

மே 10, சனி

முறைப்பாடு வந்துவிட்டது. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பிடித்து ஒரு அம்மா கேட்டார்: "என்ன மகள், ஒங்கட புது சேர் கண்டும் காணாத மாதிரிப் போறார்? பெரிய ஆளோ?"

சேர் தன்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்கிற விஷயம் அது. வெளியில் கண்டால் நான் முதலில் பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன், எங்கே பழக்கம் என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். தொழிலில் இது வழமைதான். ஆனால் மட்டக்களப்பில் கண்ட இடத்தில் "எங்க போறீங்க?" என்று கேட்காமல் போனால் பெருமைக்காரன் என்று பெயர் வந்துவிடும். கல்லடிப் பாலத்தைக் கடப்பதற்குள் பத்துப் பேருக்குத் தலையாட்டுகிற ஊர் இது.

நான் அந்த அம்மாவிடம், "அவர் உங்களுக்காகத்தான் பேசாமப் போறார்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நானும் பேசாமப் போறன்" என்றார். கோபமா, உடன்பாடா தெரியவில்லை.

மே 14, புதன்

வெசாக் விடுமுறை முடிந்து இன்றுதான் திறந்தோம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பத்து மணிக்கே அனல்.

தேநீர் நேரத்தில் சேர் ஒரு சந்தேகம் கேட்டார். இங்கே கலியாணமான ஆண்கள் ஏன் தாங்கள் இருக்கும் வீட்டை "அவங்கட வீடு" என்கிறார்கள்? யாருடைய கதை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு, குடி என்கிற குலமும் தாய் வழி. கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போவான். மாமியார் அதே வளவில் இன்னொரு வீட்டில் இருப்பார். சண்டை என்று வந்தால் வெளியே போகிறவன் அவன்தான். போக்கிடம் தாய் வீடென்றால், அது இதற்குள் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

அவர் கொப்பி எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப 'கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாருங்க' எண்டு லேசாச் சொல்லேலாது" என்றார். இந்த ஊரில் பிறந்த எனக்கே அது இப்படித் தோன்றியதில்லை.

மே 16, வெள்ளி

நான்கு நாள் லீவு போட்டு இன்று பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். ஞாயிறு மே 18. 2009இல் அவருக்குப் பதினெட்டு வயதிருக்கும், புதுக்குடியிருப்பு. அதற்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்த அலுவல்" என்று எழுதியிருந்தார்.

மே 21, புதன்

வந்துவிட்டார். பெரிய மிஸ் இந்த வாரம் அவருக்குப் புதியவர்கள் யாரையும் போட வேண்டாம் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். காலையில் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். மேற்பார்வை என்பது இதுதான். கேட்கிறவருக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டும். சில இடங்களில் கையெழுத்தையும் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு மேற்பார்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்ய ஒரு இலிகிதர் போதும்.

மே 24, சனி

இன்று அவரோடு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போனேன். ஒரு கமக்காரர் அமைப்பின் கூட்டம், கடைசியில் எங்களுக்கு அரை மணி நேரம் தந்தார்கள். மண்முனைப் பாலம் வந்த பிறகு அந்தப் பக்கம் போவது சுகம். முன்பென்றால் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்திருந்தே பாதி நாள் போய்விடும்.

மனம், மன அழுத்தம் என்று தொடங்குவார், ஆண்கள் எழும்பிப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்தது நித்திரையை. "ராவில எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்றீங்க?" பின்வரிசையில் ஒருவர், "யானைக்குக் காவல் இருக்கிறவனிட்ட நித்திரையைக் கேக்கிறீங்களே சேர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "யானை வராத ராவில?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு வயதானவர், இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றார். அடுத்தவர் கடனைச் சொன்னார். இன்னொருவர் சாராயம் இல்லாமல் கண் மூடாது என்றார். அரை மணி நேரம் ஒரு மணியைத் தாண்டியது.

முடிவில், பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல்களைப் பற்றிப் பேசினார். சிறுபோகம் விதைத்து மருந்தடிக்கிற காலம், எல்லா வீட்டிலும் போத்தல் இருக்கும். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் இருந்தது. மிக நச்சான கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துவர, அந்த வீதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மனிதருக்கு வந்த வேதனை குறைந்ததால் அல்ல, அந்த நேரம் கைக்கு எட்டியது மாறியதால். அந்த வேகம் தணிந்தபின் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள் என்றார். "பூட்டி வையுங்க, திறப்பு வேற ஆளிட்ட இருக்கட்டும்." மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அடிக்கலாம் என்று சொன்னதும், சிலர் போனை எடுத்துச் சேமித்தார்கள்.

மே 29, வியாழன்

"நித்திரை சேர் இருக்கிறாரா?" இப்படித்தான் போன் வருகிறது. பெயர் யாருக்கும் நினைவில்லை. அழைப்பதெல்லாம் ஆண்கள். ஒருவர் மண்டூரிலிருந்து குருமண்வெளிப் பாதையில் ஏறி, பிறகு பஸ் எடுத்து வந்தார். நேரத்துக்கு முன்னதாக வந்து, கதிரையில் இருக்காமல் மாமரத்தடியிலேயே நின்றார். சேர் வெளியே வந்து அவரை உள்ளே அழைக்கவில்லை. தானும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு இரண்டு பேருமாக உள்ளே போனார்கள்.

வந்தவர்களில் ஒருவரை அவர் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்து அனுப்பினார். மாத்திரை தேவையா என்று டொக்டர்தான் பார்க்க வேண்டும், பேசுவதை இங்கே தொடரலாம் என்பது ஏற்பாடு. எல்லாவற்றையும் தானே தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களை இந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகமில்லை.

ஜூன் 5, வியாழன்

கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கிற காலம். குளிர்த்திச் சடங்கு முடியட்டும், பிறகு வருகிறோம் என்று பாதிப் பேர் தள்ளிப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்தாரும் அடுத்த கிழமைதான்.

கையில் நூல் கட்டியிருந்த ஒருவர் போகும்போது என்னிடம் சொன்னார்: "இதக் கழட்டிட்டு வரச் சொல்லுவார் எண்டு நினைச்சன். ஆரு கட்டின, கட்டின பிறகு எப்படி இருந்த எண்டுதான் கேட்டார்." எனக்கு நூலில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனால் அதைக் கழற்றச் சொல்லியிருந்தால் அந்த ஆள் திரும்பி வந்திருக்க மாட்டார் என்பது நிச்சயம்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஊழியர் கூட்டம். இனி வியாழன் பின்னேரம் ஐந்திலிருந்து ஏழரை வரை சேருக்குத் தனி நேரம். வேலை முடிந்து வருகிற மேசன்மார், ஓட்டோக்காரருக்கு அதுதான் வசதி. பெரிய மிஸ், நேரம் கடந்து அவர் தனியாக நிலையத்தில் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஆகவே நானும் இருக்க வேண்டும், கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டு. என் மனிசன் கொஞ்சம் முணுமுணுத்தார், இரவுச் சோற்றை அவரே அடுப்பில் வைக்க வேண்டும் என்பதால்.

அன்று மிஸ்தான் வேணும் என்ற அந்தத் தங்கச்சி இன்னும் மிஸ்ஸிடம்தான் வருகிறாள். போன கிழமை, தன் புருசனுக்குச் சேரிடம் பின்னேரத்தில் இடம் இருக்குமா என்று கேட்டாள். அவன் தானாகக் கேட்டால்தான் பதியலாம் என்றேன். இன்று போன் எடுத்தது அவன்தான். ஜூன் 26, ஆறு மணிக்குப் பதிந்திருக்கிறேன்.