ஷாக் எங்கே?

2021-ல் வந்த ஸ்காட் ஸ்பார்க் ஆர்சி மலை சைக்கிளை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தபோது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக்கையே காணோம், கார்பன் ஃபிரேமுக்குள்ளேயே, பெடல் அச்சுக்கு மேலே, சேறும் கல்லும் படாத இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஷாக்குக்குக் காற்று அடிக்கக் கை போக வேண்டுமே, அதற்காக ஃபிரேமின் அடியில் ஒரு சின்ன மூடி.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது பின்பக்கக் குழாய்கள்தான். சக்கர அச்சுக்கிட்ட வழக்கமாக வரும் கீலை எடுத்துவிட்டு, கார்பனே லேசாக வளையும்படி செய்திருக்கிறார்கள் (முந்தைய மாடலிலும் இது உண்டு), அங்கே பேரிங்கும் கிடையாது, போல்ட்டும் கிடையாது, அந்த எடை அப்படியே மிச்சம்! பின் சஸ்பென்ஷன் அசைவும் 100 மி.மீ.யிலிருந்து 120 ஆகிவிட்டது. அப்புறம் அதே ஆண்டு ஆகஸ்டில், இத்தாலியின் வால் டி சோலேயில், சுவிஸ் மலை சைக்கிள் வீரர் நினோ ஷுர்ட்டர் இதில்தான் ஒன்பதாவது உலகப் பட்டத்தை ஜெயித்தார். அந்தக் கடைசிச் சுற்றை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.