"வயதானால் அப்படித்தான் அம்மா" என்றார்கள்

மாமனார் தேறி வீடு திரும்பிவிட்டார். எனக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமையன்று காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தளிகை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். மதியம் கிணற்றடியில் சரிந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். தூக்கி உட்கார வைத்தால் பேச்சு குழறுகிறது. என்னைத் தன் தங்கை என்று நினைத்து, "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்கிறார்.

அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 46-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரவு மறுபடியும் அதே குழறல். அவர் சாப்பிடுவது கிளிமெபிரைடு. இந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கினால் ஒரு பாட்டிலோடு கதை முடியாது. சிறுநீரகம் தளர்ந்த வயதில் மருந்து உடம்பிலேயே தங்கி, ஏற்றிய சர்க்கரையை மறுபடி இறக்கிவிடும். படுக்கையில் வைத்து அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். இதைப் பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் சொன்னார். முதலில் பார்த்தவருக்கு இது தெரியாதா என்ன?

108 சீக்கிரம் வந்தது. வண்டியிலேயே சர்க்கரை பார்த்து, நரம்பில் குளுக்கோஸும் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதனால் மாமா அரைகுறையாக விழித்துக்கொண்டதுதான் வாசலில் வினையாகிவிட்டது.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள்; சிவப்பு உடனே பார்க்க வேண்டியவர், பச்சை காத்திருக்கக் கூடியவர். கண் திறந்திருந்தவரைப் பார்த்ததும் பச்சைப் பக்கம் கைகாட்டினார்கள். பேச்சு குழறுகிறதே என்றேன். "வயதானால் அப்படித்தான் அம்மா" என்று பதில் வந்தது. "நேற்று வரை பேப்பர் படித்துவிட்டு எனக்கு அரசியல் சொன்னவர், இன்று என்னையே தெரியவில்லை என்கிறார்" என்று குரலை உயர்த்திய பிறகுதான் மஞ்சளுக்கு மாற்றினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: "குழப்பமாக இருக்கிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, சில சமயம் மாரடைப்புகூட, முதியவர்களுக்கு இப்படித் திடீர்க் குழப்பமாகவே வெளியே தெரியலாம். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அடுத்தது சீட்டு போடும் இடம். விழுந்தார் என்று சொன்னதுதான் தாமதம், "ஏ.ஆர். போட்டு வாருங்கள்", அதாவது விபத்துப் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று வாசலில் இருக்கும் போலீஸ் சாவடிக்கு விரட்டினார் எழுத்தர். சாவடியில் இருந்தவர் சிரித்தேவிட்டார். விபத்துப் பதிவேட்டில் எழுதுவது பணியில் இருக்கும் மருத்துவர், தகவல்தான் எங்களுக்கு வரும் என்றார். திரும்பி வந்து சொன்னால், எழுத்தர் தலையே நிமிராமல், "அப்படியானால் டாக்டரைக் கேளுங்கள்" என்கிறார். முழங்கைச் சிராய்ப்புக்காக இவ்வளவு ஓட்டம். நோயாளியின் பக்கத்தில் ஒருவர், அலைவதற்கு ஒருவர் என்று இரண்டு பேராகப் போவதே நல்லது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோது மாமியார் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். எல்லாம் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டைகள். ஒன்றில் "ரைடு" என்று வால் மட்டும் இருந்தது, இன்னொன்றில் விலை மட்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரின் மகன் கைப்பேசியில் முழு அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தார், பொறாமையாக இருந்தது. கடையில் பெயர் இருக்கும் பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டின் படம் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

வார்டு, சோதனைகள், சாப்பாடு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில் புது மாத்திரை இருந்தது, நிறுத்திய மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். எழுத்தில் இல்லாவிட்டால் பழையதே தொடர்ந்து வரும். "நேரமில்லை" என்றார்கள். நான் நகரவில்லை. கடைசியில் அந்தப் பயிற்சி மருத்துவரே பேனாவை எடுத்து, "கிளிமெபிரைடு நிறுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் முதல் வேலையாக அதைக் காட்டினேன். அவர் தன் பதிவேட்டிலும் அந்தப் பெயரை அடித்துவிட்டார்.