ஒன்பதாவது அசைவில் வராத குரல்

கராத்தேயில் முதல் தரப்படுத்தல் பரீட்சையில் நான் தேறவில்லை. வெள்ளைப் பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்குப் போவதற்கான ஆரம்பப் பரீட்சை அது. என்னோடு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் 10, 11 வயதுப் பிள்ளைகள். அவர்கள் தேறினார்கள். எனக்கு அப்போது வயது 31. பரீட்சகர் என் தாளில் சிங்களத்தில் இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தார்: கியாய் (அசைவோடு எழுப்பும் முழக்கம்) இல்லை, திரும்பும்போது கால் நிற்கவில்லை. இரண்டையும் தனித்தனிக் குறைகள் என்று எண்ணிக்கொண்டு வீடு வந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று விளங்க நான்கு மாதம் ஆனது. வேலைக்குப் போய்க்கொண்டே கராத்தே வகுப்பிலோ தற்காப்பு வகுப்பிலோ சேர யோசிக்கும் பெண்களுக்கு அந்த நான்கு மாதம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பு கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு பழைய மண்டபத்தில் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறரைக்கு. சீமெந்துத் தரை, நடுவில் கையகல நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கோட்டையில் அலுவலகம் முடிந்து 100ஆம் இலக்க பஸ் பிடித்து வந்து, உடை மாற்றி, வெறுங்காலோடு அந்தத் தரையில் நிற்கும்போது நாள் முழுவதும் தோளில் ஏறியிருந்த கணக்குப் புத்தகங்கள் இறங்கிவிடும். எங்கள் சென்சி, அதாவது ஆசிரியர், சிங்களவர். மாணவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் உண்டு. விளக்கம் சிங்களத்தில் வரும். எண்ணிக்கை மட்டும் ஜப்பானிய மொழியில். இச்சி, நி, சான், ஷி, கோ. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாளிலேயே நான் வரிசையில் பின்தங்கவில்லை, ஏனென்றால் அந்த ஐந்து சொற்களும் அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே அளவு அந்நியமானவை. மொழி தெரியாதே என்று தயங்குபவர்கள் அந்தத் தயக்கத்தை வாசலிலேயே விட்டுவிடலாம்.

நான் படிப்பது ஷோட்டோகான் முறை. 1922இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டிய கிச்சின் ஃபுனகோஷியின் வழி வந்தது. பரீட்சைக்கு மூன்று பகுதிகள். கிஹோன் என்பது குத்து, தடுப்பு, உதை ஆகிய அடிப்படைகள். காட்டா என்பது கற்பனை எதிரிகளோடு குறித்த ஒழுங்கில் செய்யும் அசைவுத் தொடர். குமித்தே என்பது எதிரில் ஆளை நிறுத்திச் செய்வது. தொடக்க நிலையில் தாக்குபவர் எந்த இடத்தில் குத்தப் போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். பட்டிகளின் நிறமும் வரிசையும் கழகத்துக்குக் கழகம் மாறும். அதனால் நண்பியின் வகுப்புப் பாடத்திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

எங்களுக்கு வந்த காட்டா ஹெய்அன் ஷோதான். 21 அசைவுகள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முதல் அசைவு இடப்பக்கம் திரும்பிச் செய்யும் கீழ்த்தடுப்பு. ஹெய்அன் வரிசையின் ஐந்து காட்டாக்களும் தடுப்பில்தான் தொடங்குகின்றன. ‘கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை’ என்பது ஃபுனகோஷி வகுத்த இருபது நெறிகளில் ஒன்று. இந்தச் செய்தி எனக்குப் பிறகு வேறோர் இடத்தில் கைகொடுத்தது.

காட்டாவை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததுபோல, ஒரு தாளில் 1 முதல் 21 வரை எழுதி, பஸ்ஸில் இருந்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒழுங்கு ஒருநாளும் பிசகவில்லை. ஆனால் பரீட்சகர்கள் ஒழுங்கைத் தெரிந்துகொண்டாயா என்று பார்ப்பதில்லை. அது தெரிந்தவர்களுக்குத்தான் பரீட்சையே. முன்காலின் முழங்கால் போதுமான அளவு மடிந்திருக்கிறதா, பின்கால் நீண்டிருக்கிறதா, குத்தும் கை போகும்போது மற்றக் கை இடுப்புக்குத் திரும்புகிறதா, கண் முதலில் திரும்பி உடல் பிறகு திரும்புகிறதா, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 தடவை முழுக் காட்டாவைச் செய்வதைவிட, ஒரு திருப்பத்தை மட்டும் 20 தடவை செய்வது நல்லது. இதை எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று காதில் ஏறியிருக்குமா தெரியாது.

இனி அந்தக் குரல் விவகாரம். ஹெய்அன் ஷோதானில் இரண்டு இடங்களில் கியாய் கொடுக்க வேண்டும்: மூன்றாவது மேல்தடுப்பான ஒன்பதாவது அசைவிலும், தொடர்ந்து வரும் மூன்று குத்துகளில் கடைசியான பதினேழாவது அசைவிலும். கியாய் என்பது அடிவயிற்றை இறுக்கி மூச்சை ஒரே வீச்சில் வெளியே தள்ளும்போது எழும் முழக்கம். எனக்கு அது வரவில்லை. வாய் திறக்கும், காற்று வரும், ஒலி தொண்டையில் நின்றுவிடும். “நங்கி, சத்தே மதி” என்று சென்சி வாராவாரம் சொல்வார். தங்கச்சி, சத்தம் போதாது. பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுச் சிறுமியின் முழக்கம் கூரைத் தகட்டில் மோதித் திரும்பும்போது நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

வெட்கம் என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்துவிடாது. எங்கள் வீட்டில் அம்மா அடிக்கடி சொல்வது, “பெண் பிள்ளையின் சத்தம் படலை தாண்டக் கூடாது.” அதோடு கொழும்பு வாழ்க்கை வேறு. போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை நான். வீதியில் தமிழில் உரக்கப் பேசாதே, பஸ்ஸில் பேசாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று பயந்து பயந்து வளர்த்தார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது எங்களைக் காப்பாற்றிய பயம். ஆனால் இருபது வருடம் கழித்து ஒரு மண்டபத்தில், யாருமே அதட்டாத இடத்தில், அது என் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தேறாமல் போன பிறகு சென்சி என்னை ஒன்பதாவது அசைவில் நிறுத்தினார். அடுத்தது என்ன என்று கேட்டார். அடுத்தது முக்கால் வட்டத் திருப்பம், 270 பாகை. இந்தக் காட்டாவின் கடினமான இடமே அதுதான். பதினேழாவதுக்குப் பிறகும் அதே முக்கால் வட்டம். “மூச்சு முழுவதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பினால் உடல் பாரம் மேலே இருக்கும், ஆடும். முழக்கத்தோடு அதை வெளியே விட்டால் பாரம் இடுப்புக்கு இறங்கும்” என்றார். என் தாளிலிருந்த இரண்டு குறிப்புகளும் அன்றுதான் ஒன்றாகின.

அறிவு வந்துவிட்டது, குரல் வரவில்லை. எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், உலரப் போட்ட துணிகளுக்கு நடுவே காட்டா செய்யலாம், முழங்க முடியாது. ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ரயில் பாதை கடலை ஒட்டியே போகிறது. கோட்டைப் பக்கமிருந்து ரயில் வரும் ஓசை கேட்கும்வரை காத்திருப்பேன். பெட்டிகள் தடதடத்துக் கடக்கும்போது கடலைப் பார்த்து முழங்குவேன். ரயில் போய்விட்டால் வாயை மூடிக்கொள்வேன். முதல் ஞாயிறு மூன்று ரயில்கள், மூன்று முழக்கங்கள். ஆறாவது ஞாயிறோ ஏழாவது ஞாயிறோ, ரயில் கடைசிப் பெட்டியோடு மறைந்த பிறகும் என் குரல் முடியாமல் நீண்டது. கல்லில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா திரும்பிப் பார்த்தார், பிறகு தன் தூண்டிலைப் பார்த்தார். உலகம் இடிந்துவிடவில்லை.

குரல் வராதவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: முதலில் மறைவு தரும் ஓசை ஒன்றைத் தேடுங்கள். தண்ணீர்க் குழாய், மழை, ரயில், எதுவானாலும் சரி. தொண்டையால் கத்தாதீர்கள், இரண்டு நாளில் குரல் கட்டிவிடும். கையை அடிவயிற்றில் வைத்து, அங்கே இறுகுகிறதா என்று பாருங்கள்.

இதே காலத்தில் பெண்களுக்கான ஆறு வாரத் தற்காப்பு வகுப்பு ஒன்றுக்கும் போனேன். கராத்தே கற்றால் தற்காப்பு தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். முழுவதும் உண்மையில்லை. கராத்தே ஆண்டுக்கணக்கில் உடலைச் செதுக்குகிறது. தற்காப்பு வகுப்பு, நாளைக்கே வரக்கூடிய ஐந்தாறு நிலைமைகளை எடுத்து அவற்றை மட்டும் பழக்குகிறது. மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவரின் பெருவிரல் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும், பிடியின் பலவீனமான வாய் அதுதான். நெருங்கி வந்துவிட்டால் கைமுட்டியை விட முழங்கையும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் உதவும். பழகாத முட்டியால் தலையில் குத்தினால் நம் விரல் எலும்புதான் முறியும். விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல் விழப் பழகினோம். ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். மழைக்காலத்து நடைபாதையில் சறுக்கிய ஒருநாள் அந்தப் பாடம் என் பின்மண்டையைக் காப்பாற்றியது. கத்தி காட்டினால் பையைக் கொடுத்துவிட்டு ஓடு என்றார் பயிற்றுநர். வெறுங்கையால் கத்தியைப் பறிக்கும் வித்தையை ஆறு வாரத்தில் சொல்லித் தருவதாக யாராவது சொன்னால் அந்த வகுப்பை நம்பாதீர்கள்.

சட்டத்தையும் அங்கேதான் கேட்டேன். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தன்னுடலைக் காத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தருகிறது. காப்புக்குத் தேவையான அளவை மீறிய தீங்கை அந்த உரிமை மூடாது. விழுந்தவரை மேலும் அடித்தால் நாம் குற்றவாளி. முதல் தாக்குதல் இல்லை என்ற நெறியை நான் நினைத்துக்கொண்டது அப்போதுதான். அதே சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பொலிஸ் அவசர அழைப்பு 119, மகளிர் உதவிச் சேவை 1938. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஆறு வாரத்தில் நாங்கள் அதிகம் பழகியது ஒரு வாக்கியம். “அத்த அஹகட கன்ன.” கையை எடு. எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, கெஞ்சும் தொனி இல்லாமல், ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் சரிதான். காலி வீதி பஸ்ஸில் எல்லோருக்கும் விளங்க வேண்டுமானால் சிங்களத்திலும் பழகி வைத்திருப்பது நல்லது.

அது ஒரு புதன்கிழமை மாலை. கொள்ளுப்பிட்டி தாண்டி, ஏறவும் இறங்கவும் முடியாத நெரிசல். பின்னாலிருந்து ஒரு கை. இதற்கு முன் எத்தனையோ தடவை செய்ததுபோல பையைப் பின்னால் நகர்த்தினேன். கை திரும்ப வந்தது. அடிவயிறு இறுகியதை உணர்ந்தேன், வாக்கியம் வெளியே வந்துவிட்டது. பஸ் முழுவதும் கேட்டது. நடத்துநர் மணியை அடித்தார், சாரதி கண்ணாடியில் பார்த்தார், பஸ் நின்றது. அந்த மனிதர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். யன்னலோரம் இருந்த ஒரு சிங்கள அம்மா எழுந்து என் கையைப் பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்தார். என் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் எதுவும் கேட்கவில்லை; பம்பலப்பிட்டி வரை கையை விடவுமில்லை. நான் யாரையும் அடிக்கவில்லை, எந்தப் பிடியும் போடவில்லை. கற்றவற்றில் எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு மூச்சுத்தான். குரல் எழுப்பாமல் இருந்த நாட்களுக்காக யாரும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பழக்காத தசை அழைத்தவுடன் வராது, குரலும் அப்படித்தான்.

வகுப்புத் தேடுபவர்களுக்குச் சில சொற்கள். சேர முன் ஒரு வகுப்பை முழுதாக இருந்து பாருங்கள். பயிற்றுநர் உங்கள் கையைத் திருத்த முன் தொடலாமா என்று கேட்கிறாரா, அடிபட்ட பிள்ளையை எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். மாதக் கட்டணத்தோடு பரீட்சைக் கட்டணம், பட்டிக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ஓராண்டில் கறுப்புப் பட்டி என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போக வேண்டாம். தடித்த உடை கொழும்புப் புழுக்கத்தில் உலராது, இரண்டு சோடி வேண்டும். வகுப்புக்கு முன் ஒரு செவ்விளநீர் போதும். தோடு, காப்பு, மூக்குத்தியை வீட்டில் கழற்றி வையுங்கள், நகத்தை வெட்டுங்கள். முழங்கால் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் சகித்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது தடவை பரீட்சைக்கு நின்றபோது மழை. கூரைத் தகட்டில் பெய்த ஓசையில் பரீட்சகர் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். தரை வெடிப்பு கால் பெருவிரலுக்குக் கீழே வரும்படி போய் நின்றேன். ஒன்பதாவது அசைவில் மேலெழுந்த கையோடு குரலும் போனது. மழைக்கு மேலாக எனக்கே கேட்டது. முக்கால் வட்டம் திரும்பிய கால் ஊன்றிய இடத்தில் நின்றது. பதினேழில் மறுபடியும். விரித்த கையைக் கத்திபோல் பிடித்துச் செய்யும் கடைசி நான்கு தடுப்புகளும் முடிந்து கால்களைச் சேர்த்துக் குனிந்து பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே அந்த வெடிப்பு இருந்தது.