லட்ச ரூபாய் வீலின் கோட்டம்

சைக்கிளுக்குக் கார்பன் வீல் வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு விரலில் மாட்டித் தூக்கி, சிரித்து, கூட வந்தவரிடம் கொடுப்பார்கள். ஜோடி 1,400 கிராம் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். அடுத்து அச்சைப் பிடித்துச் சுழற்றுவார்கள். ஆடாமல் சுற்றினால் தீர்ந்தது, கார்டை நீட்டிவிடுவார்கள். இந்த இரண்டு சோதனையிலும் தோற்ற வீல் என் கைக்கு வந்த ஞாபகம் இல்லை. பழுதாகித் திரும்பி வந்தவை எல்லாம் இரண்டிலும் ஜோராகத் தேறியவைதான்.

நான் தொழில் கற்றது சாதாரண சைக்கிள் கடையில். பால்காரர் வண்டி, பள்ளிக்கூடப் பையன்கள் வண்டி, எல்லாம் இரும்பு ரிம். பள்ளத்தில் விட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். போக்ஸ் கம்பியை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்திக் கோட்டம் எடுத்தால் வண்டி கிளம்பிவிடும். இப்போது வேலை பார்ப்பது சென்னையில், ஞாயிறு விடிவதற்கு முன்பே ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவர்கள் வந்து போகும் கடையில். கம்பி தட்டையாகிவிட்டது, ரிம் ஐம்பது மில்லிமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. செய்கிற வேலை என்னவோ அதே கோட்டம் எடுப்பதுதான். ஆனால் இரும்பு ரிம் தன் குறையைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். கார்பன் ரிம் கடைசி வரை வாயைத் திறக்காது.

காரணம் அதன் விறைப்பு. உயரமான கார்பன் ரிம் லேசில் வளையாது. அதனால் கம்பிகள் ஒன்று விறைப்பாகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருந்தாலும் ரிம் நேராக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பின்வீல் வந்தது. விலை இரண்டு லட்சத்துக்கு மேல். ஓட்டத் தொடங்கிச் சில மாதங்களிலேயே செயின் பக்கம் ஒரு கம்பி அறுந்திருந்தது. கம்பியை மாற்றி ஸ்டாண்டில் ஏற்றினால் ரிம்முக்கும் அளவுகோல் முனைக்கும் நடுவே இருந்த இடைவெளி சுற்று முழுக்க மாறவே இல்லை. "வீல் நேராத்தானே ஓடுது, அப்புறம் என்னண்ணா?" என்றார் வண்டிக்காரர். டென்ஷன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துப் பார்த்தேன். செயின் பக்கத்தில் ஒரு கம்பி 125 கிலோ இழுவையில் இருந்தது. அதே பக்கத்தில் அதற்கு அடுத்தது 80ஐக்கூடத் தொடவில்லை. ஒரே பக்கத்துக் கம்பிகளில் சராசரியைவிட 20 சதவீதம் கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. இவ்வளவு விலைக்கு அதில் பாதிகூட இருக்கக் கூடாது.

தளர்ந்த கம்பிதான் முதலில் அறுகிறது என்று சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை, இறுகியதுதானே அறும் என்பார்கள். ஓட்டுகிறவர் எடை இறங்கும்போது தரையை ஒட்டி இருக்கும் கம்பிகளின் இழுவை குறைகிறது. மேலே போனதும் பழைய நிலைக்கு வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இப்படி. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்தால், போக வர மொத்தம் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 47,000 சுற்றுக்கு மேல் ஆகிறது. நன்றாக இறுகிய கம்பி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் இழுவை அற்றுப்போய், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் அசைந்து அசைந்து ஒரு நாள் அறும். அல்லது கம்பியை ரிம்மோடு பிடித்து இறுக்கும் நிப்பிள் தானாகவே கழன்றுகொண்டு வரும்.

அந்த வீலை முழுக்கத் தளர்த்தி, எல்லாக் கம்பியையும் ஒரே அளவுக்கு இறுக்கிக்கொண்டு வந்தேன். இழுவை சமமானதும் ரிம் கோணலாகிவிட்டது, ஓரிடத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ரிம்மை வார்த்த அச்சிலிருந்து வெளியே வரும்போதே அது கோணல். தொழிற்சாலையில் யாரோ கம்பிகளைக் கன்னாபின்னாவென்று இழுத்து நேராக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அலுமினிய ரிம் என்றால் முட்டியில் வைத்து அழுத்தி ஓரளவு சரிசெய்யலாம். கார்பனில் அது நடக்காது. நேராக ஓடும் வீல் வேண்டுமா, கம்பி அறாத வீல் வேண்டுமா என்று வண்டிக்காரரைக் கேட்பது எனக்கே அபத்தமாக இருந்தது.

இதில் கார்பன் நூல் நெய்கிறவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை, நூல் நல்ல நூல்தான். உலகத்தின் கார்பன் ரிம்களில் பெரும்பகுதி சீனாவின் ஷியாமென் வட்டாரத்திலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறது. பிசின் ஏற்றிய கார்பன் துணியைக் குளிரில் வைத்திருந்து, வேண்டிய வடிவத்தில் வெட்டி, துண்டு துண்டாக அச்சுக்குள் கையால் அடுக்குகிறார்கள். உள்ளே ஒரு பையை வைத்துக் காற்றை ஏற்றி, அச்சை மூடிச் சூடாக்குகிறார்கள். இன்று வரைக்கும் பெரும்பாலும் இது கைவேலைதான். ஒரு துண்டு சற்று விலகினால் உள்ளே மடிப்பு விழும். அழுத்தம் சரியாகப் பரவாவிட்டால் அடுக்குகளுக்கு நடுவே காற்றுப் பை நிற்கும். வெளியே வார்னிஷ் பூசிவிட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். வால்வு ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்க்கும்போதுதான் உள்ளே பிசின் கட்டியாகத் தேங்கியிருப்பதும் பையின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். சில வீல்களைச் சுற்றினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வரும். உடைந்த பிசின் துணுக்கு அது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அந்த விலைக்குக் கிலுகிலுப்பை யார் கேட்டார்கள்?

வார்னிஷில் ஊசிமுனை அளவு புள்ளி இருந்தால் வண்டிக்காரர் மணிக்கணக்கில் பேசுவார். அது ஒன்றும் செய்யாது. நான் பார்ப்பது நிப்பிள் உட்காரும் ஓட்டைகளை. ஒவ்வொரு ஓட்டையும் நூறு கிலோவுக்கு மேல் இழுவையைத் தாங்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பிறகு துளை போடும் ரிம்களில் அந்த இடத்தில் நார்கள் வெட்டுப்படுகின்றன. அங்கே அடுக்கு குறைவாக இருந்தாலோ துளை கோணம் தப்பியிருந்தாலோ, கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் நட்சத்திரம் போலக் கிளம்பும்.

அப்போது தொடங்கும் வாரண்டிச் சண்டை. நிறுவனத்துக்குப் படம் அனுப்பினால் இரண்டு வரியில் பதில் வரும்: பள்ளத்தில் விட்டதால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது. நம் சாலைகளைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்களோ, முதல் பதில் எப்போதும் இதுதான். பள்ளத்தில் அடித்த ரிம்மைத் தொழில் தெரிந்தவர் பார்த்தால் தெரியும். அடி விழுவது டயர் உட்காரும் விளிம்பில். அங்கே நசுங்கல் இருக்கும், டியூப் போட்டிருந்தால் பாம்பு கடித்தது போல இரண்டு வெட்டு இருக்கும், கீறல் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகும். விளிம்பில் ஒரு தடம்கூட இல்லாமல் நிப்பிள் ஓட்டையில் கீறல் பிறந்தால் அது செய்தவர் குறை. நான் விளிம்பைச் சுற்றிலும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பேன். நாணயத்தால் ரிம்மைத் தட்டிக்கொண்டே போய், டொக்கென்று மட்டமாக ஒலிக்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வீடியோவாக அனுப்புவேன். கூடவே கம்பி இழுவைப் பட்டியலும் போகும். இவ்வளவையும் அனுப்பினால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். அப்போதும் வெறும் ரிம்தான் தருவார்கள். கம்பி கோக்கிற கூலி வண்டிக்காரர் தலையில்.

பிரேக் கட்டை ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் காலத்தில் இதைவிட மோசம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்த ஒருவரின் முன்வீலைப் பார்த்தேன். விளிம்பு ஓரிடத்தில் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. அலுமினியம் சூட்டைப் பரப்பி விட்டுவிடும், கார்பன் அங்கேயே வைத்துக்கொள்ளும். சூடு ஏற ஏறப் பிசின் இளகும், உள்ளே டயர் காற்று விளிம்பைத் தள்ளும். மலை இறங்கத் தாங்காத ரிம்மை மலையேறும் சைக்கிளுக்கு என்று விற்றதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, "தொடர்ந்து பிரேக் பிடித்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு 2018 ஜூலையில் முழு அனுமதி கிடைத்த பிறகு கடைக்கு வரும் புது வண்டிகள் மெல்ல மெல்ல டிஸ்க்குக்கு மாறின. அந்தத் தலைவலி போயிற்று.

போனதும் ஹுக்லெஸ் வந்தது. டயரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம். அச்சு எளிது, செய்கிறவருக்குச் செலவு குறைவு. அந்தக் குறைவை விலைச்சீட்டில் தேடாதீர்கள். இதில் 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 73 பிஎஸ்ஐக்கு மேல், காற்று ஏற்றக் கூடாது. 110 ஏற்றிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரிம்மின் விட்டம் துளி சிறிதாகிவிட்டால் டயர் வெறும் கையாலேயே சுலபமாக ஏறும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்ற பெல்ஜிய வீரரின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று அவர் விழுந்தார். அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் நான் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இப்போது எங்கள் கடையில் எந்தக் கார்பன் வீலும் பெட்டியிலிருந்து நேரே வண்டிக்குப் போவதில்லை. முதலாளி முதலில் முனகினார், புது வீலைப் பிரித்துப் பார்த்தால் வாங்குகிறவர் என்ன நினைப்பார் என்று. இப்போது இழுவைப் பட்டியலைப் பில்லோடு சேர்த்து அவரே கொடுக்கிறார், வியாபாரத்துக்கு நன்றாக இருக்கிறதாம். சரி.

மிச்சம் இருப்பது நிப்பிள் சண்டை. எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்டு அனுப்புகிறார்கள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். ஈசிஆரில் கடல் காற்றுக்கா பஞ்சம்? ஓட்டிவிட்டு வந்து பைப் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் ஓட்டை வழியாக உள்ளேயும் இறங்கும். வெள்ளைப் பொடி பூத்த நிப்பிளில் சாவியை வைத்துத் திருப்பினால் தலை பொடிந்து கையோடு வரும், அல்லது நள்ளிரவில் சுவரில் மாட்டிய வண்டியில் தானாக வெடிக்கும். பித்தளை நிப்பிள் போடுங்கள் என்கிறேன். ஜோடிக்கு 30 கிராம் கூடும். இரண்டு லட்சம் கொடுத்து எடை குறைத்தவரிடம் 30 கிராமைத் திருப்பிக் கேட்டால் முகம் மாறத்தான் செய்கிறது. போன வாரம் ஒருவர் பேரம் பேசி, பின்வீலுக்குப் பித்தளை, முன்வீலுக்கு அலுமினியம் என்று முடித்துக்கொண்டார். வண்டி நிற்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. எதில் என்ன போட்டேன் என்று ரெண்டையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.