நின்று பார்த்த ஜூலியஸ் சீசர்

லண்டனில் நாடகம் பார்க்கக் கை நிறையப் பணம் வேண்டும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிற ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில், மேடையை ஒட்டி நிற்பதற்கான டிக்கெட்தான் எல்லாவற்றிலும் மலிவு. 1997இல் அரங்கம் திறந்தபோது அதன் விலை 5 பவுண்டு. பல ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு மரப் பெஞ்சில் முதுகு வலிக்க இருப்பார்கள். மெத்தை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. காலில் வலு இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், நில்லுங்கள்.

நிற்பதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. முற்றத்துக்குக் கூரை கிடையாது. மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஆட்டம் நடக்கும்போது தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். ஏறத்தாழ 700 பேர் அப்படி நிற்கலாம். நான் போனது ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் பிற்பகல் காட்சிக்கு. வானம் மூட்டமாக இருந்தாலும் மழை இல்லை.

செயின்ட் பால்ஸ் பக்கமிருந்து மில்லேனியம் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் அரங்கம் நேரே கண்ணில் படும். படம் எடுக்க அது நல்ல வழி. நாடகப் பித்து உள்ளவர்கள் லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கிலிருந்து நடந்து வர வேண்டும். முதலில் சதர்க் பேராலயம். உள்ளே ஷேக்ஸ்பியர் ஒருக்களித்துச் சாய்ந்திருப்பதுபோல 1912இல் வைத்த சிலை இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். எனக்கு அதைவிடத் தரையில் பதித்த ஒரு பெயர்தான் மனத்தில் நின்றது: எட்மண்ட் ஷேக்ஸ்பியர். கடைசித் தம்பி. அண்ணனைப் போலவே லண்டனுக்கு வந்து நடிகரானவர்; 1607இல், முப்பது வயதுகூட ஆகாமல், இங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து எழுதிய ஜான் ஃபிளெட்சரும் இதே கோயிலில்தான் அடங்கியிருக்கிறார்.

அடுத்து பரோ மார்க்கெட். பாலாடைக்கட்டி வாசனையும் கூட்டமும். சாப்பாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் கடந்துவிடுகிறேன்.

அதற்குப் பின்னால் பார்க் தெரு. பெரும்பாலான பயணிகள் இங்கே வருவதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து உண்மையான குளோப் நின்ற இடம் இதுதான். இப்போதைய அரங்கம் இங்கிருந்து ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளி, ஆற்றோரம் கட்டப்பட்டது. பழைய அரங்கின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டு வரிசை ஒன்றின் அடியில் கிடக்கிறது. அந்த வீடுகளும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் முழுதாகத் தோண்ட முடியவில்லை. கிடைத்த ஒரு துண்டு வளைவை மட்டும் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வெண்கலப் பலகை, முன்பு மதுபான ஆலை ஒன்றின் சுவரில் இருந்தது. ஷேக்ஸ்பியரின் குளோப் இங்கே நின்றது என்று சொல்லிவிட்டு, பலகை வைத்தவர்களைக் குறிப்பிடும் வரியில் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த நன்கொடையாளர்கள் என்று எழுதியிருக்கிறது. இந்தியாவில் யார் காசு கொடுத்தார்கள் என்று பலகை சொல்லவில்லை. எனக்குப் பம்மல் சம்பந்த முதலியார் நினைவு வந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மக்பெத்தை மகபதியாகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். சென்னையிலிருந்து ஒரு ரூபாயாவது இந்தப் பலகைக்குப் போயிருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை. அதற்கு மேல் ஆதாரம் கேட்காதீர்கள்.

1949இல் லண்டன் வந்த அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் குளோபைத் தேடிப் போனபோது கண்டதும் இந்தப் பலகையை மட்டும்தான். உலகத்துக்கே நாடகம் கொடுத்த இடத்தில் ஆலைச் சுவரும் ஒரு பலகையுமா என்று அவருக்கு ஆறவில்லை. 1970இல் அறக்கட்டளை தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணம் திரட்டுவதிலும் வழக்காடுவதிலும் போயிற்று. 1993இல் இறந்துவிட்டார், திறப்பு விழாவுக்கு அவர் இல்லை. ஓர் அமெரிக்கர் பிடிவாதம் பிடித்திராவிட்டால் ஆங்கிலேயர்கள் இதைக் கட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். கருவாலி மரச் சட்டங்களை மர ஆணி அடித்துப் பிணைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே நாணல் வேய்ந்திருக்கிறார்கள். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதிக்கப்பட்ட முதல் நாணல் கூரை இதுதான். நிமிர்ந்து பார்த்தால் கூரை முகட்டில் தண்ணீர் தெளிக்கும் குழாய்முனைகள் தெரிகின்றன. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றியின் கதை நடந்துகொண்டிருந்தபோது மேடைப் பீரங்கியிலிருந்து பறந்த பொறி கூரையில் விழுந்து பழைய குளோப் முழுக்க எரிந்துபோனது. ஒருவரின் கால்சட்டையில் தீப்பிடித்து, கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். அதைத் தவிரப் பெரிய சேதம் யாருக்கும் இல்லை என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

நாடகத்தின் கதை இதுதான்: ரோமின் தலைவன் சீசரை அவனுடைய நண்பன் புரூட்டஸும் மற்றச் சதிகாரர்களும் கொல்கிறார்கள்; சீசரின் விசுவாசி ஆண்டனி ஒரே பேச்சில் கூட்டத்தை அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறான். கல்லூரியில் ‘ஜூலியஸ் சீசர்’ படித்தவர்களுக்கு ஆண்டனியின் பேச்சு மனப்பாடமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு, கடைசியில் பத்து மதிப்பெண் கேள்வி: புரூட்டஸின் பேச்சையும் ஆண்டனியின் பேச்சையும் ஒப்பிடுக. அப்படிப் படித்தால் நாம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். ரோமானியக் கூட்டம் எவ்வளவு சுலபமாக ஏமாந்தது, பார், என்று தலையை ஆட்டுகிறோம். முற்றத்தில் நின்றால் அந்த நாற்காலி கிடையாது.

ஆரம்பமே திட்டுதான். விடுமுறை கொண்டாட வந்த ரோமானியத் தொழிலாளிகளை இரண்டு அதிகாரிகள் விரட்டுகிற காட்சி. அவர்கள் மேடையில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்கள்: கட்டைகளே, கற்களே, உணர்வில்லாத ஜடத்தையும்விடக் கேடானவர்களே. பதில் சொல்லும் செருப்புத் தைக்கிறவன் என் பின்னாலிருந்து பேசினான். இடுப்பில் தோல் உறை, அதில் ஊசி. வழி கேட்டு என் தோளில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு முன்னே போனபோதுதான் அவன் நடிகன் என்றே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சதிகாரர்களில் ஒருவனான காஸ்கா வந்து, சீசருக்காக ஆரவாரித்த கூட்டத்தின் வாய் நாற்றத்தைப் பற்றிச் சொல்கிறான். சிரிப்பு வந்தும் வாயைத் திறக்கவில்லையாம், அந்தக் கெட்ட காற்று உள்ளே போய்விடுமே என்று. இதைச் சொல்லும்போது நடிகர் குனிந்து முன்வரிசையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். கையில் பீர் வைத்திருந்த ஓர் இளைஞன் வெட்கப்பட்டுச் சிரித்தான். மேலே மாடங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

பகல் வெளிச்சம் என்பதால் ஒளியும் இருளும் வைத்து மேடையைப் பிரிக்க வழியில்லை. நாம் நடிகரைப் பார்க்கிற அதே வெளிச்சத்தில் அவர் நம்மைப் பார்க்கிறார். புரூட்டஸ் தனியே புலம்புகிற பேச்சுகளை ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அதனிடமே சொல்கிறார். சீசரைக் கொல்வதற்கான காரணங்களை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கொலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ரத்தம் தாராளம். இந்த அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ நடந்தபோது பார்வையாளர்கள் மயங்கி விழுந்த கதையெல்லாம் உண்டு; இன்று யாரும் விழவில்லை. கைகளை ரத்தத்தில் நனைத்துக்கொண்டே, சதியில் புரூட்டஸின் கூட்டாளியான காஷியஸ் சொல்கிறான்: நமது இந்தக் காட்சி, இன்னும் பிறக்காத நாடுகளில், இன்னும் யாரும் கேட்டறியாத பேச்சுகளில், எத்தனை காலங்களுக்குப் பிறகும் நடிக்கப்படுமோ! படிக்கும்போது நான் தாண்டிப் போன வரி. அமலாதித்யன் நினைவோடு வந்தவனுக்கு அது முதுகில் தட்டியதுபோல் இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. புரூட்டஸ் முதலில் பேசுகிறான், உரைநடையில், கணக்குப்போல அடுக்கி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. எங்களில் பலர் கைதட்டினோம். அதிகாரத்துக்கு ஆசைப்பட்டான் என்பதற்காகச் சீசரைக் கொன்றதை விளக்கி முடித்தவுடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல், இவனையே சீசர் ஆக்குங்கள் என்கிறது. ஷேக்ஸ்பியரின் மிகக் கொடூரமான நகைச்சுவை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சலசலப்பு அடங்கும் முன்பே ஆண்டனி உடலைச் சுமந்து வந்துவிட்டான். நண்பர்களே, ரோமானியர்களே, நாட்டு மக்களே, கொஞ்சம் காது கொடுங்கள். புத்தகத்தில் அது பொன்னெழுத்து வரி. இங்கே முதல் சொல்லுக்கு யாரும் திரும்பவில்லை, இரண்டாவதற்குச் சிலர் திரும்பினார்கள், மூன்றாவதற்குத்தான் முற்றம் அடங்கியது. அந்த மூன்று அழைப்பும் சத்தத்தை அடக்கப் பாடுபடுகிற ஒரு மனிதனின் வேலை என்பது எந்த உரைநூலிலும் எனக்குக் கிடைக்காத விளக்கம்.

புரூட்டஸ் கண்ணியமானவன் என்று முதல் தடவை ஆண்டனி சொன்னது மரியாதையாகவே இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாவதில் எங்கோ ஒருவர் மூக்கால் சிரித்தார். ஆண்டனி அந்தப் பக்கம் திரும்பி, அந்தச் சிரிப்பை வாங்கி வைத்துக்கொண்டதுபோல ஒரு கணம் நின்றார். என் நெஞ்சு சீசரோடு பெட்டிக்குள் இருக்கிறது, அது திரும்பி வரும்வரை பொறுங்கள் என்று முதுகைத் திருப்பிக்கொள்கிறாரே, அந்த இடைவெளியில்தான் காரியம் நடக்கிறது. எங்களுக்குள் கலந்திருந்த நடிகர்கள் தாழ்ந்த குரலில், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் சொன்னவளுக்கு நான் தலையாட்டினேன். சீசரின் உயிலை எடுத்துக் காட்டிவிட்டுப் படிக்கமாட்டேன் என்று பிகு செய்தபோது, உயில், உயில் என்று கத்தியவர்களில் நானும் இருந்தேன். ரோமானியர்களுக்குச் சீசர் எழுதிவைத்தது தலைக்கு 75 டிராக்மா பணம் என்றதும் எழுந்த ஆரவாரம் கலப்படமில்லாத சந்தோஷம்.

அடுத்த சில நிமிடங்களில் கவிஞன் சின்னா வருகிறான். சதிகாரன் ஒருவனுக்கும் அதே பெயர் என்பதுதான் அவன் குற்றம். நான் சதிகாரன் இல்லை, கவிஞன் என்கிறான். அப்படியானால் மோசமான கவிதைக்காகக் கிழியுங்கள் என்று கூட்டம் பாய்கிறது. என்னைத் தலையாட்ட வைத்தவளும் பாய்ந்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம், அவனுடைய ஒரு செருப்பு எங்கள் காலடியில் வந்து விழும்வரை. இடைவேளை அங்கே விட்டார்கள்.

இரண்டாம் பாதி தொய்வுதான். நாடகத்தின் குறை பாதி, அரங்கின் குறை பாதி. கூடாரத்தில் புரூட்டஸும் காஷியஸும் சண்டை போட்டுச் சமாதானமாகிற காட்சி இரண்டு நண்பர்களின் மிக நுட்பமான பேச்சு. மேலே ஒரு ஹெலிகாப்டர் அதைத் தின்றுவிட்டது. மனைவி போர்த்தியா இறந்த செய்தியைப் புரூட்டஸ் ஒற்றை வாக்கியத்தில் சொல்கிற இடத்தை அன்றிரவு அறையில் புத்தகத்தைத் திறந்து படித்துத்தான் பெற்றுக்கொண்டேன். கூட்டம் வேண்டிய காட்சிகள் முற்றத்துக்கு, இரண்டு பேர் மட்டும் பேசும் காட்சிகள் விளக்கடிக்கு. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இதே வளாகத்தில் 2014இல் திறந்த சாம் வானமேக்கர் பிளேஹவுஸ் இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சிறிய கூரையுள்ள அரங்கு. அந்தக் கூடாரக் காட்சியை அங்கே பார்க்க வேண்டும்.

மொழிக்குப் பயந்து போகாமல் இருக்காதீர்கள். நான்கில் ஒரு வரி எனக்கும் நழுவியது, பக்கத்தில் நின்ற லண்டன்காரருக்கும் நழுவியதாகச் சொன்னார். முதல் மூன்று அங்கங்களைப் போகும் முன் ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

எல்லோரும் செத்து முடிந்ததும் மேளம் ஒலித்தது. பிணங்கள் எழுந்து ஆடத் தொடங்கின. இது இக்காலத்துக் கேளிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். 1599 செப்டம்பர் 21 அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றைக் கடந்து, கூரை வேய்ந்த அரங்கு ஒன்றில் சீசரின் கதையைப் பார்த்ததாகத் தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி எழுதியிருக்கிறார். அது குளோபாகவே இருக்கும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நாடகம் முடிந்ததும் ஆண் உடையில் இருவரும் பெண் உடையில் இருவரும் மிக அழகாக ஆடினார்கள் என்பதையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இவர் நல்ல முன்னோடி.

வெளியே வந்ததும் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். மறுநாள் பிற்பகலுக்கு ஓர் இன்பியல் நாடகம்; நிற்கும் டிக்கெட் மிச்சம் இருந்தது, வாங்கிவிட்டேன். போகிறவர்களுக்கு ஒன்று: மேடையில் இரண்டு பெரிய தூண்கள் இருக்கின்றன, பளிங்குபோல் வண்ணம் பூசிய மரம். நேர் நடுவிலோ பக்கவாட்டு மூலையிலோ நின்றால் அவை மறைக்காது. கதவு திறக்க அரை மணிக்கு முன்பே வரிசையில் நின்று, நேரே மேடை விளிம்புக்குப் போய் முழங்கையை ஊன்றிவிடுங்கள்.